நெடுநடையின் நடுவே சேலமும் ஏற்காடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தை மாதத்தில் திருவண்ணாமலையிலிருந்து பழனிக்கு நடந்தே போனேன். செங்கம், ஊத்தங்கரை, அரூர், மஞ்சவாடி கணவாய், சேலம், சங்ககிரி, ஈரோடு, காங்கேயம், தாராபுரம் என்று வழி. மொத்தம் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பாதி வழியில், சேலத்தில், நடையை மூன்று நாள் நிறுத்திவைத்துவிட்டுச் சென்னையிலிருந்து வந்த கல்லூரி நண்பனோடு ஊர் சுற்றினேன். திரும்பி வந்ததும் பழனியைப் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்த மூன்று நாளைப் பற்றித்தான் எல்லோரும் துருவித் துருவிக் கேட்டார்கள், பாதிப் பேர் ஆர்வத்தில், பாதிப் பேர் கண்டிக்கும் தொனியில். அவரவருக்குத் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து வைக்கிறேன்.

நடந்து போகிறவர் நடுவில் ஊர் சுற்றலாமா? வேண்டுதல் கெட்டுவிடாதா?

மாலை போட்டு, விரதம் இருந்து, குழுவோடு போகிறவர்கள் குருசாமியிடம்தான் கேட்க வேண்டும். அதில் நான் தலையிட மாட்டேன். என்னுடையது பாதி வேண்டுதல், பாதி நடை ஆசை. அந்தப் பாதி ஆசைக்கு மூன்று நாள் விடுப்புக் கொடுத்ததில் முருகனுக்கு மனவருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்று. அரூர் சாலையில் வருகிறவர்களுக்குச் சேலத்தின் வாசல் அயோத்தியாபட்டணம். அங்கே இருக்கிற கோதண்டராமர் கோயிலின் தலபுராணம், இலங்கையிலிருந்து அயோத்திக்குத் திரும்பும் வழியில் ராமர் அந்த ஊரில் தங்கியதாகச் சொல்கிறது. நெடும்பயணத்தை நடுவில் நிறுத்தியவர்களில் அவரைவிட மூத்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. நானும் அங்கேதான் நிறுத்தினேன்.

பஸ் ஏறிவிட்டால் "நடந்தே போனேன்" என்று எப்படிச் சொல்ல முடியும்?

நடையை விட்ட இடத்திலிருந்தே மறுபடி தொடங்கினால் சொல்லலாம். அயோத்தியாபட்டணத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நடையை முடித்தேன். கடைக்கு எதிரே இருந்த மின்கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டேன். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் அஸ்தம்பட்டியில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போனேன். நான்காம் நாள் காலையில் அதே பஸ்ஸில் திரும்பி வந்து, அதே பெஞ்சில் ஒரு டீ குடித்துவிட்டு, அதே கம்பத்திலிருந்து நடந்தேன். நடுவில் எத்தனை பஸ், எத்தனை ஆட்டோ ஏறினாலும் கால்தடத்தில் இடைவெளி இல்லை.

மின்கம்ப எண் கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழியில் யாரும் கேட்காத கேள்வியை வீட்டுக்கு வந்த பிறகு மைத்துனர் கேட்பார். அப்போது பயன்படும்.

ஏன் சேலத்தில்? வேறு ஊரில் நிறுத்தக் கூடாதா?

எங்கும் நிறுத்தலாம். சேலத்துக்கு மூன்று சௌகரியங்கள் இருந்தன. திருவண்ணாமலைக்கும் பழனிக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. எனக்கு அது ஏழாம் நாள், உடம்பு ஓய்வு கேட்கத் தொடங்கிய நாள். இரண்டாவது, அது ரயில் சந்திப்பு. எந்த ஊர் நண்பனும் இரவில் ரயில் ஏறிக் காலையில் இறங்கிவிடலாம். செருப்புத் தைப்பவர், மருந்துக்கடை, நல்ல காலுறை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். மூன்றாவது, தலைக்கு மேலேயே மலை. ஏழு நாள் தார்ச்சாலையில் வெந்த கண்ணுக்குக் குளிர்ச்சி என்றால் ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைதான்.

இதில் நான் தெரிந்துகொண்ட ஒரு விதி உண்டு: போகிற வழியிலேயே வரும் இடங்களை ஓய்வு நாளில் சேர்க்கக் கூடாது. நண்பனின் பட்டியலில் அரியானூர் 1008 லிங்கம் கோயிலும் சங்ககிரிக் கோட்டையும் இருந்தன. இரண்டும் அடுத்த இரண்டு நாள் நடையில் எப்படியும் என் வழியில் வரப்போகின்றன. 1805-இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட சங்ககிரியை பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் கழித்து அதே மலையடியில் மறுபடி நடப்பதில் என்ன இருக்கிறது? வழியை விட்டு விலகி இருப்பதைப் பார்க்கத்தான் இடைநிறுத்தம்.

ஒரு நாள் போதாதா?

போதாது. ஒரே நாள் என்றால் அதை நண்பன் எடுத்துக்கொள்வான், உடம்புக்கு ஒன்றும் மிஞ்சாது. முதல் நாளை முழுக்கக் காலுக்குக் கொடுங்கள்.

சித்தி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றியபோது இடது குதிகாலில் பழைய எட்டணா அளவுக்கு ஒரு கொப்புளம். அழுத்தினால் உள்ளே நீர் அசைந்தது. மேல்தோல் ஈரக் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. ஊசியைக் கொதிநீரில் போட்டெடுத்து, கொப்புளத்தின் ஓரத்தில், தரைக்கு அருகே, இரண்டு இடத்தில் குத்தி நீரை வடியவிட்டேன். தோலை உரிக்கவில்லை. உரிக்கவும் கூடாது. கீழே புதுத்தோல் உருவாகும்வரை அதுவே கட்டு. மேலே சுத்தமான துணிக்கட்டு. சின்னக் கொப்புளமாக இருந்தால் குத்தவே வேண்டாம், மூடிவைத்தால் தானே வற்றிவிடும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் இந்தக் கைவைத்தியம் எதையும் செய்யாமல் நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சித்தி கேட்டார்: "இந்தக் காலை வைத்துக்கொண்டு மலைக்கா போகப்போகிறாய், கண்ணு?"

அன்றைய மற்ற வேலைகள் எல்லாம் சில்லறை. துணி துவைத்தல், ஷூவுக்குள் பழைய நாளிதழைச் சுருட்டித் திணித்து ஈரம் இழுக்கவிடுதல், நகம் வெட்டுதல், பகலில் இரண்டு மணி நேரம் சுவரில் காலைத் தூக்கிவைத்துப் படுத்தல். சமையலறைத் தொட்டியில் காலுறை அலசாதீர்கள். அது எந்தச் சித்தியும் மன்னிக்காத குற்றம்.

நண்பன் புதுக்காலோடு வருவான், எனக்குக் கால் வலிக்கும். எப்படி ஒத்துப்போவது?

கேள்விகளிலேயே இதுதான் முக்கியமானது. வழிகாட்டிகள் யாரும் இதைப் பேசுவதில்லை.

நினைத்துப் பாருங்கள். அவன் ஆறு மாதமாக விடுப்புச் சேர்த்துவைத்து, ராத்திரி ரயிலில் தூங்காமல் வந்திருக்கிறான். கையில் ஒரு பட்டியல், அதில் 14 இடங்கள். நீங்களோ ஏழு நாளாகத் தினமும் 20, 25 கிலோமீட்டர் நடந்திருக்கிறீர்கள். உங்களுக்குச் சுற்றுலா என்றால் நாற்காலி. அவனுக்கு நாற்காலி என்றால் அலுவலகம். இருவர் கேட்பதும் நியாயம். அதனால்தான் உரசல்.

நாங்கள் கடைசியில் வந்துசேர்ந்த ஏற்பாடு இது. காலையில் ஒரு இடம் சேர்ந்து பார்ப்பது. நண்பகலில் இரண்டு மணி நேரம் அவன் எங்கே வேண்டுமானாலும் போகலாம், நான் உட்கார்ந்திருப்பேன். மாலையில் மறுபடி ஒரு இடம் சேர்ந்து. படிக்கட்டு இருக்கிற இடம் அவனுக்கு, பெஞ்சு இருக்கிற இடம் எனக்கு, வண்டி வாசல்வரை போகிற இடம் இருவருக்கும். 14 இடம் நான்காகக் குறைந்தது. மிச்சப் பத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை, ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை.

இதையெல்லாம் அவன் ரயில் ஏறுவதற்கு முன்பே தொலைபேசியில் பேசிவிடுவது நல்லது. நான் பேசவில்லை. மலை மேல் போய் நின்றுகொண்டு பேசினேன்.

அப்படியானால் சண்டை வந்ததா?

வந்தது. ஏற்காட்டில் சீமாட்டி இருக்கை, சீமான் இருக்கை, சிறுவர் இருக்கை என்று மலை விளிம்பில் மூன்று காட்சி முனைகள் இருக்கின்றன. லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். மூன்றையும் பார்த்துவிட்டு, அங்கிருந்து கரடி குகை, அதன் பிறகு கிளியூர் அருவி என்று அவன் நடக்கத் தொடங்கினான். நான் நின்ற இடத்திலேயே நின்று, "உட்காருவதற்கு என்று மூன்று இடம் ஒதுக்கி, அதற்குப் பெயரும் வைத்திருக்கிற ஊரில் என்னை எதற்கு நடக்கவைக்கிறாய்?" என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சுண்டல் விற்ற அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சண்டை அதோடு முடிந்தது.

ஏற்காட்டுக்கும் நடந்தே ஏறினால் என்ன?

ஓய்வு நாளிலா? சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 அடி உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு ஏறத்தாழ 5,000 அடி. இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதைவிட இறங்குவதுதான் மோசம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்க வேண்டும், முட்டி அடி வாங்கும். அடுத்த வாரம் பழனிக்கு நடக்க வேண்டிய முட்டி அது.

புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ் போகிறது. அஸ்தம்பட்டியிலும் நிற்கும். பஸ்ஸில் போகும்போது ஏற்காடு சாலையோரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவு வளைவைப் பாருங்கள். 1935-இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய படப்பிடிப்பு நிறுவனத்தில் கண்ணுக்குத் தெரிகிற மிச்சம் அது. வளைவுகள் தொடங்கியதும் தலைசுற்றுகிறவர்கள் முன்பக்க இருக்கையில் உட்கார்ந்து, எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளலாம். ஏழு நாள் மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் உலகத்தைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் ஏறினால், எனக்கு வந்தது வாந்தி இல்லை, பயம். ஓட்டுநர் இயல்பான வேகத்தில்தான் போயிருப்பார். எனக்கு ஒவ்வொரு மரமும் பாய்ந்து வந்தது.

சாலையை விட்டுக் காட்டுப்பாதையில் ஏறலாமா? குறுக்குவழி இருக்கிறதாமே?

ஊர்க்காரர்கள் போகிற பாதைகள் இருக்கின்றன. அவை அவர்களுக்கு. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் மலையேறுவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள். அதே ஆண்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. தை மாதம் காடு காயத் தொடங்கும் காலம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். நடந்துதான் தீர வேண்டும் என்றால், தமிழக அரசு 2024-இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் சேலம் மாவட்டத் தடங்களும் இருக்கின்றன. முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு, வேறொரு பயணத்தில் போங்கள்.

ஏற்காட்டில் கால் வலிக்கிறவர் எதைப் பார்க்கலாம்?

ஏரியிலிருந்து தொடங்குங்கள். ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு. படகில் உட்கார்ந்தால் நடக்க வேண்டியதில்லை. மிதிபடகு மட்டும் வேண்டாம், அதில் மிதிக்கிறவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

அடுத்தது சேர்வராயன் கோயில். மலைக்கே பெயர் கொடுத்த தெய்வம். வண்டி உச்சிவரை போய்விடும். 5,300 அடிக்கு மேல், மரமே இல்லாமல் மொட்டையாகப் பரந்துகிடக்கிற சமதளம். காற்று நம்மைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தப் பரப்பில் தலையைக் குனிந்து நுழைகிற ஒரு குகை, அதற்குள் சேர்வராயனும் காவேரியம்மனும். வெளியே அவ்வளவு வெளிச்சம், அவ்வளவு காற்று, உள்ளே ஈரக்கல் வாசமும் எண்ணெய் விளக்கும். குகை காவிரிவரை போகிறது என்பது நம்பிக்கை. நான் ஷூவைக் கழற்றிவிட்டு அந்தக் குளிர்ந்த கல்தரையில் வெறுங்காலோடு நின்றேன். ஏழு நாள் எரிந்த உள்ளங்காலுக்குக் கல்லின் குளிர்ச்சி ஏறியபோது, பூசாரி விபூதி நீட்டியதுகூட உடனே தெரியவில்லை. நண்பன் முழங்கையால் இடித்தான். மே மாதத்தில் இங்கே திருவிழா. அப்போது இந்த அமைதி கிடைக்காது.

மூன்றாவது, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம். 1963-இல் தொடங்கியது. பூக்காத காலத்தில் போனால் தொட்டி தொட்டியாகப் பச்சைத் தண்டுகளைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான் என்று நண்பன் முணுமுணுத்தான். பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடியைப் பார்த்ததும் வாயடைத்துப்போனான். மூடியும் குடமுமாகத் தொங்கும் அந்த இலையை அவன் கால் மணி நேரம் படமெடுத்தான். எனக்குக் கால் மணி நேரம் ஓய்வு.

லேடீஸ் சீட்டை மாலைக்கு வையுங்கள். வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை காலடியில் தெரியும். பகலில் சேலத்து ஓரத்தில் நிலம் வெள்ளை வெள்ளையாகக் கீறிக்கிடப்பதைப் பார்க்கலாம். அவை மேக்னசைட் வெட்டிய சுரங்கங்கள், ஊர்ப்பேச்சில் வெள்ளைக்கல். இருட்டினால் கீழே ஊரே விளக்காக எரியும். நான் அங்கே வேறொரு காரணத்துக்காக உட்கார்ந்திருந்தேன். இனி நடக்கப்போகிற சாலையைத் தேடிக்கொண்டிருந்தேன். நகரத்தைத் தாண்டித் தென்மேற்கே கஞ்சமலை கருப்பாகக் கிடந்தது. அதன் பக்கமாகத்தான் போக வேண்டும். வரைபடத்தில் விரல் நீளம்கூட இல்லாத வழி, மேலிருந்து பார்த்தால் அவ்வளவு நீண்டு கிடந்தது.

கிளியூர் அருவி?

மழை முடிந்த கையோடு வருகிறவர்களுக்கு அழகு. தை மாதத்தில் நீர் மெலிந்துவிடும். செங்குத்தாக இறங்கி, அதே அளவு ஏறி வர வேண்டும். நண்பன் போனான். நான் மேலே காப்பி குடித்தேன். திரும்பி வந்தவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். முதல் முறையாக என் காலைப் பற்றி அக்கறையாக விசாரித்தது அப்போதுதான்.

காப்பித் தோட்டங்களுக்குள் போகலாமா?

தனியார் தோட்டம், கேட்டுக்கொண்டு போங்கள். தை மாதம் நல்ல நேரம். பழம் பறித்து முடிகிற பருவம், களங்களில் காப்பி காயும், புளித்த பழத்தோல் வாசம் சாலைவரை வரும். உயர்ந்த சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி மிளகுக் கொடி ஏறியிருக்கும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர், இன்றைக்கு மலையின் முகத்தையே மாற்றிவிட்டது. வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள்.

மலைக்கிராமங்களில் இருப்பவர்கள் மலையாளிகள் என்கிறார்களே, கேரளத்துக்காரர்களா?

இல்லை. மலையில் வாழ்கிறவர்கள் என்ற பொருளில் மலையாளி. பேசுவது தமிழ். பழங்குடிப் பட்டியலில் இருக்கிற மக்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் என்றும், சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை என்று பிரிந்து குடியேறினார்கள் என்றும் வழிவழியாகக் கதை சொல்கிறார்கள். காஞ்சியிலிருந்து இந்த மலைகள்வரை அவர்கள் நடந்துதான் வந்திருப்பார்கள். அதை நினைத்ததும் என் 300 கிலோமீட்டர் கொஞ்சம் சுருங்கிப்போயிற்று. நாகலூர்ப் பக்கம் ஒரு பாட்டியிடம் திருவண்ணாமலையிலிருந்து நடந்து வருகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். "பஸ் இல்லையா?" என்று கேட்டார்.

குளிருமா?

குளிரும். ஏறும் உயரத்துக்குச் சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைந்துவிடும். தையில் இரவு நன்றாகவே நடுங்கும். நெடுநடைக்காரர் பாரம் பார்த்துப் பார்த்துப் பையில் எடுத்துவைத்திருப்பார், அதில் ஸ்வெட்டர் இருக்காது. நண்பனைக் கொண்டுவரச் சொல்லுங்கள், போகும்போது அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாங்கள் தங்கிய விடுதியில் காலை ஏழு மணிவரை வெந்நீர் என்று எழுதிப்போட்டிருந்தார்கள். ஆறே முக்காலுக்குக் குழாயைத் திறந்தேன். அன்று குளிக்கவில்லை.

காட்டெருமை வருமாமே?

மலையில் உண்டு. இருட்டில் சாலையோரம் நிற்கும். தூரத்தில் நின்று, அது போகும்வரை காத்திருங்கள். அதோடு கூடச் சேர்ந்து படமெடுக்க ஆசைப்படுகிற நண்பனை அழைத்து வராதீர்கள்.

மழை, மூடுபனி என்று மலை கைவிட்டால்?

தாரமங்கலம் போங்கள். சேலத்திலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணம், சமதரை, உட்காரக் கல்மண்டபம். அந்தப் பகுதியை ஆண்ட கட்டி முதலிகள் காலத்துத் திருப்பணி பெற்ற கைலாசநாதர் கோயில். கல்லில் செதுக்கிய சங்கிலி, கூரையில் தொங்கும் தாமரை, அதைச் சுற்றித் தலைகீழாகக் கொத்தும் கிளிகள். சிங்கத்தின் வாய்க்குள் கல்லுருண்டை, விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது வாலி வதைத் தூண். ராமர் ஒரு தூணில் வில்லோடு நிற்கிறார், தள்ளி இன்னொரு தூணில் வாலியும் சுக்ரீவனும் மல்லுக்கு நிற்கிறார்கள். ராமர் பக்கத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி பக்கத்திலிருந்து பார்த்தால் ராமர் தெரிய மாட்டார். நான் ராமர் பக்கம் நின்றேன், நண்பனை அந்தப் பக்கம் அனுப்பி "தெரிகிறதா?" என்று கத்தினேன். எங்களுக்கு முன்னே ஒரு தாத்தாவும் பேரனும் அதையே செய்துகொண்டிருந்தார்கள். (நாங்கள் இதை மலையிலிருந்து இறங்கிய அன்று மாலையில் பார்த்தோம். பட்டியலின் நான்காவது இடம்.)

சேலத்தில் என்ன சாப்பிடுவது?

தட்டுவடை செட். வேறு எதையும் சாப்பிடாமல் போனாலும் இதைச் சாப்பிடாமல் போகாதீர்கள். மாலையானால் தெருமுனை தோறும் தள்ளுவண்டி வந்துவிடும். உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு தட்டுவடை. அதன்மேல் பச்சைச் சட்னி ஒரு தீற்று, பூண்டும் மிளகாயும் அரைத்த சிவப்புச் சட்னி ஒரு தீற்று. துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் கலந்து ஒரு சிட்டிகை, அதன்மேல் இன்னொரு தட்டுவடையை மூடி, எலுமிச்சை பிழிந்து நீட்டுவார்கள். கடைக்காரரின் விரல்கள் சீட்டு கலைப்பது போல வேலை செய்யும். அதை இரண்டு வாயாகக் கடித்தால் உள்ளே இருப்பது சட்டையில்தான் விழும். ஒரே வாய். அம்மாபேட்டையில் நாங்கள் நின்ற வண்டியில் நண்பன் பவ்யமாகக் கடித்து, வெள்ளைச் சட்டையில் பீட்ரூட்டைக் கொட்டிக்கொண்டான். தட்டுவடையை நொறுக்கி எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால் அது நொறுக்கல். இரண்டாவது சுற்றுக்கு அது.

வியர்த்து நடக்கிறவருக்கு உப்பும் புளிப்பும் தேவைதான் என்று எனக்கு நானே மருத்துவ நியாயம் சொல்லிக்கொண்டு எட்டு செட் சாப்பிட்டேன். சிவப்புச் சட்னியில் மட்டும் கை காவல் வேண்டும். அடுத்த நாள் நடக்கப்போகிறவர் நெடுஞ்சாலையோரத்தில் கழிப்பறை தேடுவது அவ்வளவு எளிதில்லை.

மாம்பழம்?

தை மாதத்தில் கேட்கிறீர்கள். நண்பனும் கேட்டான்.

செலவு யாருடையது?

நெடுநடைக்காரர் மண்டபத்திலும் சொந்தக்காரர் வீட்டிலும் படுத்து, நாளுக்குச் சில நூறு ரூபாயில் ஓட்டுகிறவர். சுற்றுலாவுக்கு வருகிறவர் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. பாதிப் பாதி என்றால் நடப்பவரின் மிச்ச வழிக்கு வைத்திருந்த பணம் மலையிலேயே கரைந்துவிடும். நாங்கள் அறை வாடகையை அவனும், சாப்பாட்டையும் பஸ்ஸையும் நானும் ஏற்றுக்கொண்டோம். பொங்கல் விடுமுறையிலும் மே மாதக் கோடை விழாவிலும் ஏற்காட்டு அறை வாடகை எகிறிவிடும். அந்தத் தேதிகளை விலக்கினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஓய்வுக்குப் பிறகு நடை சுகமாக இருந்திருக்குமே?

முதல் ஒரு மணி நேரம் நரகம். நின்றுபோன மாட்டுவண்டி மாதிரி எல்லா மூட்டும் கிறீச்சிட்டது. ஓடிக்கொண்டிருந்த தசை நின்றதும் இறுகிக்கொள்ளும். தசைவலி உச்சத்துக்கு வருவதே உழைத்த மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான். ஆகவே முதல் நாள் தூரத்தைக் குறைத்து வையுங்கள். முதல் மூன்று கிலோமீட்டர் பேசிக்கொண்டே நடக்கிற வேகம்தான். பிறகு தானாகச் சூடேறும்.

நண்பனுக்கும் கூட நடக்க ஆசை வந்தால்?

வரும். என் நண்பனுக்கு இரண்டாம் நாள் இரவு, லேடீஸ் சீட்டில் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்தது. தடுக்காதீர்கள். ஆனால் பஸ் போகிற சாலையாக, ரயிலடி பக்கமாக இருக்கிற நாளாகப் பாருங்கள். வெயில் ஏறும் முன் கிளம்ப வேண்டும். இருட்டோடு நடந்தால் முதுகுப்பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ள வேண்டும். பாதயாத்திரைக் காலத்தில் கடைகளிலேயே கிடைக்கும். வந்த அன்று வாங்கிய ஷூவோடு நடக்கக் கூடாது.

கடைசி விதியை அவன் கேட்கவில்லை. அயோத்தியாபட்டணம் டீக்கடையில் ஐந்தரை மணிக்கு இரண்டு டீ குடித்துவிட்டு, என் மின்கம்பத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு (கிண்டலுக்குத்தான்) கிளம்பினான். ஊருக்குள் நுழையும்வரை எனக்கு முன்னால் நடந்தான். நகரத்துக்குள் என் பக்கத்தில். கொண்டலாம்பட்டி ரவுண்டானா நெருங்கும்போது எனக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில், ஷூ இரண்டையும் நாடாவால் முடிந்து கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, சித்தி கொடுத்தனுப்பிய ரப்பர் செருப்போடு வந்தான். சாலையோரத்தில் உட்கார்த்திவைத்துக் காலைப் பார்த்தேன். இடது குதிகால், அதே இடம். ஊசியும் துணிக்கட்டும் என் பையில் இருந்தன. சேலம் ஜங்ஷன் பஸ்ஸில் அவனை ஏற்றிவிட்டேன். ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். தாராபுரம்வரை அதைச் சுமந்தேன், அங்கே அஞ்சலில் அனுப்பினேன்.